யார் செய்த பாவமும் இல்லை

நோயாளர் உலக நாள் மறையுரை
வாசகங்கள்: 1 கொரிந்தியர் 12:12-27, யோவான் 9:1-7



பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் வழியோரம் இருக்கிறார். சீடர்கள் அவரைப் பார்க்கிறார்கள். சாப்பிட்டாரா, துணைக்கு யாராவது உண்டா என்றெல்லாம் அவர்கள் விசாரிக்கவில்லை. இவர் இப்படிப் பிறந்ததற்கு இவர் பாவம் காரணமா, பெற்றோர் பாவம் காரணமா என்று ஆண்டவரிடம் கேட்கிறார்கள். அந்த மனிதர் பக்கத்தில்தான் இருக்கிறார். அவருக்குக் கண்தான் தெரியாது, காது கேட்கும். ஆண்டவர் இரண்டு காரணங்களையும் மறுக்கிறார். பகல் முடிவதற்குள் செய்யவேண்டிய வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தரையில் உமிழ்ந்து சேறு குழைத்து அவருடைய கண்களில் பூசுகிறார்.

இன்று லூர்து அன்னை திருநாள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்தியபடி, 1993 முதல் இந்த நாளைத் திருஅவை நோயாளர் உலக நாளாகக் கொண்டாடுகிறது. இன்று புற்றுநோயைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். சீடர்கள் கேட்ட அதே கேள்வியை நாம் இன்னும் அதிகமாகக் கேட்பது இந்த நோயின் முன்னால்தான்.

ஒரு தாய்க்கு நோயில்பூசுதல் கொடுக்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மகள் கையில் ஸ்கேன் படங்கள் திணித்த மஞ்சப்பை. டாக்டர் உள்ளே வந்ததும் அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: “வேற எங்கேயும் பரவலையே, டாக்டர்?” டாக்டர் போன பிறகு, நெற்றியில் எண்ணெய் காயுமுன்பே, அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கேட்டார்: “சாமி, எங்கம்மாவும் இதே நோவுலதான் போனாங்க. எனக்கும் வந்திருச்சு. எம் பிள்ளைக்கும் வருமா? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?”

மகளின் கேள்வி உடலைப் பற்றியது. தாயின் கேள்வி கடவுளைப் பற்றியது. இரண்டுக்கும் பதில் தேடுவது நம் கடமை. முதலில் மகளின் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

புற்றுநோய் தோன்றிய இடத்திலேயே நின்றுவிட்டால், பெரும்பாலும் மருத்துவர்கள் அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அது பரவுவதுதான். மார்பில் தோன்றியது எலும்புக்கும், குடலில் தோன்றியது கல்லீரலுக்கும் போய்விட்டால் வைத்தியம் கடினமாகிறது. அதனால்தான் ‘பரவிடுச்சு’ என்ற ஒரு சொல் வீட்டையே உடைத்துப்போடுகிறது.

ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பரவுவது புற்றுநோய்ச் செல்லுக்கு எளிதான காரியம் அல்ல. பக்கத்துச் செல்களின் பிடியிலிருந்து அது முதலில் விடுபட வேண்டும். திசுவின் அடிச்சவ்வை அரித்துத் துளைக்க வேண்டும். இரத்தக் குழாய்க்குள் நுழைய வேண்டும். அங்கே இரத்த ஓட்டத்தின் வேகத்திலும், எதிர்ப்பாற்றல் செல்களின் தாக்குதலிலும் தப்பிப் பிழைக்க வேண்டும். வேறோர் உறுப்பில் வெளியேறி, பழக்கமில்லாத இடத்தில் தங்கி, மறுபடியும் பெருக வேண்டும். இவற்றில் ஒரு படி தவறினாலும் அந்தச் செல் அழிந்துவிடும், அல்லது பெருகாமல் முடங்கிவிடும். ஐசையா ஃபிட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், எலிகளின் இரத்தத்தில் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்தி அவை என்ன ஆகின்றன என்று தொடர்ந்து கவனித்தார். 1970-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஒரு நாள் கழித்து ஆயிரத்தில் ஒரு செல்கூட உயிரோடு மிஞ்சவில்லை.

அதற்கும் முன்னால், 1889-ல், ஸ்டீபன் பேஜட் என்ற லண்டன் அறுவைசிகிச்சை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் கண்ட இடத்துக்கெல்லாம் போகவில்லை, சில உறுப்புகளையே நாடிப் போயிருந்தது. விதை எல்லாப் பக்கமும் சிதறினாலும், ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் விளக்கினார். விதைப்பவர் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாதது அல்ல.

சரி, செல்லைத் தடுத்து நிறுத்துவது எது? இந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான விடை 1988-ல் கிடைத்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பட்ரிசியா ஸ்டீக் என்ற பெண் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எலிகளின் தோல் புற்றுநோய்ச் செல்களில் இரண்டு வகைகளை ஒப்பிட்டார்கள். ஒரு வகை வேகமாகப் பரவும், மற்றது அவ்வளவாகப் பரவாது. பரவாத வகையில் ஒரு மரபணு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. பரவும் வகையில் அதன் வேலை மிகவும் குறைந்துபோயிருந்தது. அந்த மரபணுவுக்கு என்எம்23 என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதைப் பரவும் செல்களுக்குள் திரும்பக் கொடுத்துப் பார்த்தபோது, பரவுவது வெகுவாகக் குறைந்தது.

இதுபோல இன்னும் பல மரபணுக்கள் பின்னால் கண்டறியப்பட்டன. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் டேனி வெல்ச் குழுவினர் 1996-ல் கிஸ்1 என்ற மரபணுவைக் கண்டார்கள். இந்த மரபணு வேலை செய்யும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்ச் செல்கள் நுரையீரல்வரை போய்ச் சேர்ந்தாலும் அங்கே கட்டியாக வளராமல் உறங்கிக் கிடப்பதைப் பின்னாளில் எலிகளில் பார்த்தார்கள். 2003-ல் இன்னொரு வியப்பு காத்திருந்தது. நம் பிள்ளைகள் பருவம் அடைவதற்கு அடையாளம் கொடுக்கும் ஏற்பாட்டிலும் இதே மரபணுவுக்குப் பங்கு இருப்பது தெரியவந்தது. ஒரு குழந்தையை வளர்த்து ஆளாக்கும் பணியும், நோயை எல்லை தாண்டவிடாத பணியும் ஒரே மரபணுவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த மரபணுக்களைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இவை கட்டி தோன்றுவதைத் தடுப்பவை அல்ல. சோதனையில் கட்டி வளர்ந்தது, ஆனால் பரவுவது குறைந்தது. நோயே இல்லாத உடலை அவை நமக்குத் தருவதில்லை. நோய் வந்த உடலுக்குள்ளேயே, நோயோடு மல்லுக்கட்டி, அதை இருந்த இடத்தில் நிறுத்தி வைக்கின்றன. கடவுளின் பராமரிப்பும் பல நேரம் இப்படித்தான் வருகிறது. சிலுவை வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சிலுவை வந்த அந்த இடத்திலும் அவர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். நாம் கேட்கும் முன்பே, நமக்குத் தெரியாமலே, நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்தக் காவலை வைத்திருக்கிறார்.

இப்போது தாயின் கேள்விக்கு வருகிறேன். அதற்காக உங்களை நியூசிலாந்துக்கு அழைத்துப்போக வேண்டும்.

அந்த நாட்டின் வடதீவில், தவுரங்கா பகுதியில், மாவோரி பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பம். தாத்தா, சித்தப்பா, அத்தை, பேரப்பிள்ளைகள் என்று விரிந்த குடும்பம். முப்பது ஆண்டுகளுக்குள் இருபத்தைந்து பேர் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்கள். இறந்தவர்களில் பதினான்கு வயதுப் பிள்ளையும் உண்டு. வயிற்று வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு துக்கம் ஆறுவதற்குள் அடுத்த துக்கம். இந்தக் குடும்பத்தின்மேல் சாபம் விழுந்திருக்கிறது என்று பேச்சு எழுந்தது. வீட்டுக்குள்ளேயே சிலர் அதை நம்பினார்கள்.

ஆனால் அந்தக் குடும்பத்தார் சாபம் என்ற சொல்லோடு உட்கார்ந்துவிடவில்லை. தாங்களாகவே ஆய்வாளர்களைத் தேடிப் போனார்கள். தென்தீவின் டனீடின் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பேரி கில்ஃபோர்ட் என்ற மரபியல் ஆய்வாளரோடு கூட்டுச் சேர்ந்தார்கள். மாவோரி மக்கள் தங்கள் வம்ச வரலாற்றைப் போற்றிக் காப்பவர்கள். யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்த வயதில் எப்படி இறந்தார் என்பதை எல்லாம் மறைக்காமல் எடுத்துச் சொன்னார்கள். உயிரோடு இருந்தவர்கள் இரத்தம் கொடுத்தார்கள். 1998-ல் விடை கிடைத்தது, உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழில் வெளியானது.

பதினாறாவது குரோமோசோமில் இருக்கும் சிடிஎச்1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இந்த மரபணுவின் வேலை, இ-கேதரின் என்ற புரதத்தை உண்டாக்குவது. இரைப்பையின் உட்சுவரில் செல்கள் வரிசையாக ஒட்டி நிற்கின்றன அல்லவா? ஒவ்வொரு செல்லும் இந்தப் புரதத்தை வெளியே நீட்டி, பக்கத்துச் செல் நீட்டும் அதே புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடி இருக்கும்வரை செல் தன் இடத்தை விட்டு அசையாது. பிடி போய்விட்டால், செல்கள் தனித்தனியாகப் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள் இறங்கிப் பரவுகின்றன. கட்டியாகத் திரளாததால், எண்டோஸ்கோபி செய்தாலும் தொடக்கத்தில் கண்ணில் படுவதில்லை. நல்ல மருத்துவர்களும் தவறவிட்டது இதனால்தான்.

சாபம் என்று சொல்லப்பட்டது, மரபணுவில் மாறிப்போன ஓர் எழுத்து. அவ்வளவுதான். யார் செய்த பாவமும் இல்லை. ஆண்டவர் அன்று சீடர்களிடம் சொன்ன மறுப்பை, ஆய்வகத்தின் வழியாக அந்தக் குடும்பம் மறுபடி கேட்டது என்றே நான் நம்புகிறேன்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால், பிள்ளைக்கு அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இப்படிப்பட்ட கணக்குக்கு அடித்தளம் போட்டவர் ஒரு கத்தோலிக்கத் துறவி என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த கிரெகர் மெண்டல், புருனோ நகரத்து மடத்தின் தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எந்த ஒழுங்கில் இறங்குகின்றன என்று கண்டு, 1866-ல் அதை அச்சில் வெளியிட்டார். திருப்பலி நிறைவேற்றிய அதே கைகள்தான் அந்தச் செடிகளையும் தொட்டன. படைப்பை ஆராய்வது படைத்தவருக்கு எதிரான காரியம் என்று அவர் ஒருநாளும் எண்ணவில்லை.

விடை தெரிந்த பிறகு அந்த மாவோரிக் குடும்பம் என்ன செய்தது? பரிசோதித்துப் பார்த்தார்கள். மாற்றம் இல்லை என்று தெரிந்தவர்கள் பல ஆண்டுப் பயத்திலிருந்து விடுபட்டார்கள். மாற்றம் உள்ளவர்களில் பலர், நோய் வரும் முன்பே இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிடும் அறுவைசிகிச்சையைத் துணிந்து ஏற்றார்கள். உணவுக்குழாயை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். அதன் பிறகு ஒரே நேரத்தில் வயிறார உண்ண முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். உடல் மெலியும். வாழ்நாள் முழுவதும் பி12 சத்தை ஊசியாகவோ மருந்தாகவோ ஏற்றிக்கொள்ள வேண்டும். இது சின்னத் தியாகம் அல்ல. ஆனால் அவர்கள் பிழைத்தார்கள், தங்கள் பிள்ளைகள் வளர்வதைப் பார்த்தார்கள். இன்று உலகின் பல நாடுகளில் இதே மாற்றம் உள்ள குடும்பங்களை மருத்துவர்கள் முன்கூட்டியே அடையாளம் காண முடிகிறது என்றால், அந்த ஒரு குடும்பம் தன் துக்கத்தை ஒளித்து வைக்காததே அதன் தொடக்கம்.

அன்புக்குரியவர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. செல் தன் இடத்தை விட்டுப் போவதைக் கேட்டதும், அதைப் பாவத்துக்கு உவமையாக்கிப் பிரசங்கம் செய்வது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். இந்தப் பீடத்துக்கு முன்னால் கீமோ ஏற்றிக்கொண்டு முடி கொட்டிய தலையோடு உட்கார்ந்திருக்கும் சகோதரி, தன் உடலே ஒரு பாவக் கதையாகச் சொல்லப்படுவதைக் கேட்கக் கூடாது. அவர் உடல் தூய ஆவியார் குடியிருக்கும் கோயில். கரன்ட் வைத்துக் கருத்துப்போன தோலோடும் அது கோயில்தான்.

திருத்தூதர் பவுல் இன்றைய வாசகத்தில் உறுப்புகளைப் பற்றிச் சொல்வது வேறு திசையில் போகிறது. வலுவற்றதாகத் தோன்றும் உறுப்பே மிகவும் தேவையானது என்கிறார். ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்பும் சேர்ந்து துன்புறுகிறது என்கிறார். இது நோயாளிக்குச் சொன்ன அறிவுரை அல்ல. நோயாளியைச் சுற்றி நிற்கும் நமக்குச் சொன்னது. பக்கத்தில் இருப்பவரை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டிய கடமை நம்முடையது.

அப்படிப் பற்றிக்கொள்கிறோமா? நம் ஊர்களில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்தால், மகள் கல்யாணம் தடைபடும் என்று மாதக்கணக்கில் மூடி மறைக்கிறார்கள். செய்வினை எடுப்பதாகச் சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள். தலைமுறைச் சாபத்தை முறிப்பதாகச் சொல்லிக்கொண்டு, கிறிஸ்துவின் பெயராலேயே வீடு தேடி வருகிறவர்களும் உண்டு. சிகிச்சை பெறவேண்டிய நாட்கள் இப்படியே கழிகின்றன. ஆண்டவர் யாரையும் சபித்து நோயைக் கொடுத்தார் என்று சொல்கிறவர் நற்செய்தியைச் சொல்லவில்லை. அவரை நம்பாதீர்கள்.

செபிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் செபிக்க வேண்டும். ஆனால் நற்செய்தியைக் கவனியுங்கள். கண்ணில் சேறு பூசிய ஆண்டவர், சிலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவும்படி அவரை அனுப்புகிறார். பார்வையில்லாத மனிதர், தெருத் தெருவாய்த் தடவிக்கொண்டு போயிருக்க வேண்டும். போனார், கழுவினார், பார்வை பெற்றுத் திரும்பினார். ஆண்டவர் தொட்டதும் உண்மை, அவர் நடந்து போனதும் உண்மை. மருத்துவமனைக்குப் போவது நம்பிக்கைக் குறைவு அல்ல. நமக்கு அதுவே சிலோவாம்.

அறிவியலிடமும் அது தர முடியாததை எதிர்பார்க்கக் கூடாது. என்எம்23 போன்ற மரபணுக்கள் பல நோயாளிகளிடம் அழிந்துபோகவில்லை, வேலை செய்யாமல் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றை மறுபடி எழுப்ப முடியுமா என்று ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். அதற்கென்று நம் கையில் கிடைக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ‘மரபணுவைச் சரிசெய்யும் மருந்து’ என்று யாராவது பொட்டலம் விற்றால் வாங்கிவிடாதீர்கள். அந்த ஆய்வுக்கூடங்களில் இரவும் பகலும் உழைப்பவர்களுக்காக இன்றைய மன்றாட்டில் சேர்ந்து வேண்டுவோம்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். “அம்மா, நீங்க செஞ்ச பாவமும் இல்லை, உங்கம்மா செஞ்ச பாவமும் இல்லை. மகளுக்கு வந்தே தீரும்னும் இல்லை. உங்கம்மா விஷயத்தை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. மகளை எப்போ, எப்படிப் பரிசோதிக்கணும்னு அவங்க சொல்வாங்க.” அது அறிவியல் சொல்வதுதான். புற்றுநோய்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் குடும்ப வழியாக இறங்குவது. ஆகவே எல்லோரும் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் பலருக்கு ஒரே வகை நோய் வந்திருந்தாலோ, இளவயதில் வந்திருந்தாலோ, அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ உட்கார்ந்து, நம் குடும்பத்தில் யார் யார் எந்த நோயில், எந்த வயதில் இறந்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். முன்னோரின் பெயர்களைக் கல்லறைத் திருநாளுக்கு எழுதிக் கொடுக்கிறோமே, அதே பொறுப்போடு இதையும் எழுதுங்கள். அந்தத் தாள் உங்கள் பேரப்பிள்ளையின் உயிரைக் காப்பாற்றலாம். புகையிலை, வெற்றிலைப் பாக்கு, மது இவற்றை விடத் தவிப்பவர்கள் இந்தத் தவக்காலத்திலேனும் தொடங்குங்கள். உடலில் ஆறாத புண்ணோ, கட்டியோ, காரணமில்லாத இரத்தப்போக்கோ இருந்தால் நாளைக்கே போய்க் காட்டுங்கள். அன்பியக் கூட்டங்களில், சிகிச்சையில் இருக்கும் குடும்பங்களுக்கு யார் சமைத்துக் கொடுப்பது, யார் துணைக்குப் போவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் முன்னால் ‘யார் செய்த பாவமோ’ என்ற பேச்சு இனி நம் பங்கில் எழவே கூடாது.

இப்போது நோயில்பூசுதல் அருளடையாளம் தொடங்குகிறது. நோயுற்றவர்கள் தயங்காமல் முன்னே வாருங்கள். நடக்க முடியாதவர்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் கைபிடித்து அழைத்து வாருங்கள். வர முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், திருப்பலி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நான் வருகிறேன். ஆமென்.